கெட்டிச் சாயம்

விட்பி துறைமுகத்தில் நாற்பது வருடம்
வருகிற படகுகளைக் கரையோடு பிணைத்தவர்
வில்ஃப் கார்பட்.
கயிறு பறந்து வரும், ஒரு கையால் பிடிப்பார்,
இரும்புக் கட்டுத்தறியில் இரண்டு சுற்று,
பிறகு கடலுக்கே கேட்கும்படி: ஃபாஸ்ட்!
அலை எவ்வளவு உலுக்கினாலும்
இனி நகராது என்று அர்த்தம்.

ஸ்கார்பரோ மருத்துவமனையில் அதே சொல்
வால் முளைத்து
அவர் தலைமாட்டு அட்டையில் தொங்குகிறது:
ஃபாஸ்டிங்.
நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது.
காலையில் பித்தப்பையை எடுக்கிறார்கள்.

"கட்டிப்போட்டுவிட்டாயா என்னை?"
இரவுத் தாதி மோர்வென்னா சிரிக்கவில்லை.
மூன்றாவது முறையாகக் கேட்கிறார் இதை.

சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் ஃபாஸ்ட்.
யாரும் திருத்துவதில்லை.
வலி மாத்திரை ஏழு நிமிடம் முந்தி வந்தால்
யாருக்கு நஷ்டம்?

நகராதே, ஓடு, உண்ணாதே.
மூன்றையும் சொல்கிற வாய் ஒன்றா?
ஒன்றுதான்.
வேரைத் தோண்டினால் உறுதி என்ற கல் தட்டுப்படுகிறது.
உறுதியாக ஓடினான் என்றார்கள் பழைய ஆங்கிலேயர்,
விடாப்பிடியாக, மூச்சிரைக்க.
அப்படி ஓடுகிறவன் வேகமாகத்தானே போவான்?
வேகம் முந்திக்கொண்டது,
விடாப்பிடி எங்கோ வழியில் உட்கார்ந்துவிட்டது.
தட்டைத் தள்ளிவைத்து உறுதியாக இருந்தவன்
விரதக்காரன் ஆனான்.

எனக்கு இதில் பெரிய வியப்பில்லை.
நம் நோன்புக்கு அடுத்த வீட்டில்
நோன்மை குடியிருக்கிறது. வலிமை என்று பொருள்.
இப்போது அகராதியில் மட்டும்
விளக்கெரிகிற வீடு.

படிவம் நிரப்பும்போது மோர்வென்னா கேட்டாள்:
நெருங்கிய உறவு?
தெர்ஸா, என்றார்.
மனைவியா?
பதினாறு வருடம் முன்னால்வரை.

ஹடர்ஸ்ஃபீல்டில் கம்பளி ஆலைச் சாயப்பட்டறை தெர்ஸாவுக்கு.
புதுச் சிவப்பை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் தைத்து
சோப்பு நீரில் கொதிக்கவிடுவாள்.
வெள்ளை வெள்ளையாகவே வெளியே வந்தால்
பதிவேட்டில் எழுதுவாள்: ஃபாஸ்ட்.
கெட்டிச் சாயம்.
அந்தச் சொல்லால்தான் அவளையும் ஊர் அழைத்தது,
பதினெட்டு வயதில்,
ஒரே சனிக்கிழமை மூன்று பேரோடு நடனமாடியதற்கு.
ஃபாஸ்ட் ஆன பெண். கட்டுக்கு அடங்காதவள்.
கட்டும் அதுதான், கட்டறுத்ததும் அதுதான்.
அவள் பொருட்படுத்தவில்லை.
நான்காவதாக ஆடியவன்தான் வில்ஃப்,
இரண்டு கால்களும் அவள் பாதத்தின் மேல்.

விடிந்தது. அறுவைக்கு அழைப்பு வரவில்லை.
நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்ததாம்,
அவசரக்காரர்கள் முன்னால் போனார்கள்.
பக்கத்துப் படுக்கைக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.
காலையுணவுக்கு அந்த மொழி வைத்த பெயரே
நோன்பை உடைப்பது.
வில்ஃப் அந்தக் கத்தியின் சத்தத்தை
ஒரு சீமாட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்து
அப்படியே உறங்கிப்போனார்.
அந்த உறக்கத்துக்கும் அங்கே அதே சொல்தான்,
துறையில் கட்டிய படகின் உறக்கம்.

பத்தரைக்கு, கடிகாரப்படி பத்து முப்பத்தேழுக்கு,
தெர்ஸா வந்தாள்.
ஃபாஸ்ட் ரயில் இல்லை,
எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று வந்தது.
எழுப்பவா என்றாள் பகல் தாதி.
வேண்டாம்.
அட்டையைப் படித்தாள், படுக்கையில் இருந்தவரைப் பார்த்தாள்,
பையிலிருந்து முட்டை சாண்ட்விச்சை எடுத்து
அவர் முகத்துக்கு நேராக நிதானமாகத் தின்றாள்.

வெளியே மழை.
நனைந்த சிவப்புக் கையுறையைக் கழற்றியபோது
உள்ளங்கை முழுக்கச் சிவப்பு இறங்கியிருந்தது.
"மலிவுச் சரக்கு" என்று முனகினாள்.
சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு
அவருடைய வெள்ளைப் போர்வையின் ஓரத்தில்
அழுத்தித் துடைத்தாள்.

பழக்கம் விடவில்லை.
துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாள்.